அல்லது வேறு இடத்தில்

போன வாரம் நிவேதா போனில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். அம்பத்தூரில் நான் முப்பத்தோரு வருடம் டைப்பிஸ்டாகவும் குமாஸ்தாவாகவும் இருந்த வக்கீல் ஆபீஸை இப்போது நடத்துபவள் அவள்தான். "அக்கா, பக்கத்து அடுக்குமாடியிலிருந்து ஒரு தம்பதி வந்திருக்காங்க. ரெண்டு பேரும் ஐ.டி. பையனுக்குப் பத்து வயசு, ஆட்டிசம். தங்களுக்கு அப்புறம் அவனுக்குன்னு ஒரு டிரஸ்ட் இருக்கணுமாம். எந்த வகை போட்டா பாதுகாப்பு? நீங்க எத்தனையோ பாத்திருப்பீங்க, சுருக்கமா சொல்லுங்க."

நான்கு முறை பதில் தட்டி நான்கு முறையும் அழித்தேன். சுருக்கமாக வரவில்லை. அதனால் நீளமாகவே எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு அந்தத் தம்பதியிடம் அவள் என்ன சொல்வாள் என்று தெரியாது. அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன சொல்வேன் என்றும் தெரியவில்லை.

தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த கையோடு வக்கீல் ஜெயசீலன் சாரிடம் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் நான் கற்றது கொஞ்சம்தான். பத்திரத்தில் வெற்றிடம் விடக் கூடாது, கோடு இழுத்து அடைக்க வேண்டும். அடித்தல் திருத்தலுக்குப் பக்கத்தில் சின்னக் கையெழுத்து வேண்டும். எல்லைகளை வடக்கில் தொடங்கி ஒரே ஒழுங்கில் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் சாரைப் பார்த்துப் பார்த்து வந்தது.

சார் குரலை உயர்த்த மாட்டார். கட்சிக்காரர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பத்திரத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிடுவார். "இதுல என்ன எழுதியிருக்குன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க" என்பார். சொல்லத் தெரியாவிட்டால் அன்று கையெழுத்து கிடையாது. மறுபடி உட்கார வைத்து விளக்குவார். தாம்பரத்திலிருந்து ரயில் மாறி வந்தவர்களைக்கூட இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அதற்கும் முன்னால் எனக்கு ஒரு வேலை உண்டு. டைப் அடித்து முடித்ததும் அவருக்கு எதிரே உட்கார்ந்து முழுவதையும் வாசிக்க வேண்டும். முதல் தடவை சாதாரணமாக. இரண்டாம் தடவை கெட்டவனாக. "இந்தச் சொத்தை எப்படியாவது அமுக்கணும்னு நினைக்கிறவன் நீ. எந்த வார்த்தையில உனக்கு வழி கிடைக்குது, சொல்லு." ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அதில் தேறிவிட்டேன். நான் காட்டிய ஓட்டைகளை சார் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு அடைப்பார்.

டிரஸ்டில் என்னென்ன வகை என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ஒவ்வொரு வகையும் எங்கே உடைந்தது என்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆவடியில் ரிட்டயரான ஒருவர், தாயில்லாத பேத்திக்காக வீட்டை டிரஸ்டில் வைத்தார். எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்துகொள்ளலாம் என்ற வகை. தன் கையை விட்டுப் போய்விடக் கூடாது என்று அவர் கேட்டதால் அப்படி எழுதினோம். கடைசிக் காலத்தில் அவரைப் பார்த்துக்கொள்ள மூத்த மகள் வந்தாள். வந்த நாற்பதாம் நாள் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் பதிவாகிவிட்டது. பெரியவர் சம்மதித்துத்தான் கையெழுத்திட்டார், யாரும் அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அன்று சார் சொன்னார்: "ரத்து பண்ணலாம்னு எழுதினா, கடைசியா யார் அவர் பக்கத்துல உட்கார்ந்திருக்காங்களோ அவங்க கையில பேனாவைக் குடுத்த மாதிரி."

பூந்தமல்லியில் ஓர் அம்மா, தன் விதவைத் தங்கைக்கு மாதாமாதம் இவ்வளவு என்று எண் போட்டு எழுதச் சொன்னார். டிரஸ்டி தன் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாத வகை. யாரும் குறைக்கவும் இல்லை. பதினைந்து வருடம் கழித்து அந்தத் தொகையில் பால் மட்டும்தான் வாங்க முடிந்தது. கூட்டிக் கொடுக்க டிரஸ்டிக்கு மனம் இருந்தும் பத்திரத்தில் இடம் இல்லை.

இந்த இரண்டையும் பார்த்த பிறகுதான் கன்னியப்பன் எங்களிடம் வந்தார்.

மண்ணூர்பேட்டைக்காரர். தொழிற்பேட்டை எஸ்டேட் வருவதற்கு முன் அவர்கள் குடும்பத்துக்கு அங்கே நிலம் இருந்தது. நிலம் போன பிறகு அதே எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டி ரிட்டயரானார். மனைவி இல்லை. மிச்சமிருந்தது ஒரு வீடு. முன்பக்கம் குடும்பம், பின்பக்கம் தொழிலாளிகளுக்கு வாடகைக்கு விட்ட நான்கு போர்ஷன்கள். மகன் தாமோதரன், கல்யாணமாகி அதே வீட்டில் இருந்தான். மகள் வசந்திக்கு அப்போது முப்பத்தைந்து வயது, மனம் மட்டும் ஆறேழு வயதில் நின்றுவிட்டது.

அப்பாவோடு வசந்தியும் வந்திருந்தாள். அவர் உள்ளே சாரிடம் பேசிக்கொண்டிருக்க, அவள் என் மேஜையருகே நின்று மெஷினையே பார்த்தாள்.

"நீ எந்த ஷிப்டு?" என்று கேட்டாள்.

"பகல் ஷிப்டு" என்றேன்.

"அப்ப நானு எய்ப்ப வாணாம்" என்றாள்.

பிறகுதான் கன்னியப்பன் சொன்னார். அவர்கள் போர்ஷனில் குடியிருக்கும் அத்தனை பேரின் ஷிப்டும் அவளுக்கு அத்துப்படி. விடியற்காலையில் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு போய் முதல் ஷிப்டுக்காரர்களின் கதவை மட்டும் தட்டுவாள். இரவு ஷிப்டு முடிந்து தூங்குபவன் கதவை ஒருநாளும் தட்டியதில்லை. பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது. கேட் அருகே நின்று போகிறவர் வருகிறவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். அந்தத் தெருவில் அவளைத் தெரியாதவர் இல்லை.

"நானு கீற வரைக்கும் தொல்ல இல்ல சார்" என்றார் கன்னியப்பன். "பையன் நல்லவன்தான். மருமவளும் தங்கமான பொண்ணு. ஆனா நாள பின்ன இந்தப் பொண்ணு ஊட்ட உட்டு வெளிய போவக் கூடாது. அது ஒண்ணுதான் எனக்கு வேணும்."

சார் அவருக்கு ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். உயில் எழுதலாம், ஆனால் அது நீங்கள் போன பிறகுதான் வாய் திறக்கும், அதற்குள் வீடு யார் கையில் இருக்குமோ. வீட்டை வசந்தி பேருக்கே செட்டில்மென்ட் எழுதலாம், ஆனால் அவள் கட்டைவிரலை யாரும் பிடித்து எங்கேயும் வைத்துவிடலாம். டிரஸ்ட் என்றால் சொத்து ஒருவர் கையில், பலன் இன்னொருவருக்கு. கையில் வைத்திருப்பவர் டிரஸ்டி. பலன் வசந்திக்கு.

முடிவில் இப்படி ஆயிற்று. ரத்து செய்ய முடியாத டிரஸ்ட். வசந்தி உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. வாடகை வருமானம் அவளுக்கு. எவ்வளவு, எதற்கு என்பதை அந்தந்தக் காலத்துக்கு ஏற்ப டிரஸ்டிகள் தீர்மானிக்கலாம். தாமோதரன் ஒரு டிரஸ்டி, கன்னியப்பனோடு லேத்தில் நின்ற நண்பர் ஏழுமலை இன்னொருவர். இருவரும் ஒத்துக்கொண்டால்தான் எந்த முடிவும் செல்லும். ஆவடியில் உடைந்ததும் பூந்தமல்லியில் உடைந்ததும் இதில் உடையாது.

முதல் வரைவில் ஒரு வரி இருந்தது: "வசந்தி தம் ஆயுள் முழுவதும் மேற்படி வீட்டில் வசிக்க வேண்டியது."

அந்த வரியில்தான் நான் நிறுத்தினேன். அப்போது என் அம்மா இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதமாக ஆஸ்பத்திரியில் இருந்தார். "சார், இவங்களுக்கு உடம்பு முடியாம மாசக்கணக்குல வெளிய வெச்சுப் பாக்க வேண்டி வந்தா? வீடே இடிஞ்சு ரிப்பேர் பண்ண வேண்டி வந்தா? இந்த வரிப்படி பாத்தா டிரஸ்டி தப்புப் பண்ணினதா ஆயிடுமே" என்றேன்.

சார் யோசித்தார். "சரி, எப்படி எழுதலாம்? நீயே சொல்லு."

நான் சொன்னேன். "அல்லது அவருடைய நலனுக்கு உகந்தது என டிரஸ்டிகள் கருதும் வேறு இடத்தில்."

கெட்டவனாக வாசித்தோம். கெட்டவன் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு அவளை வெளியே தள்ளப் பார்ப்பான். ஆனால் வீட்டை விற்க முடியாது, அதனால் அவனுக்கு லாபம் இல்லை. ஏழுமலையும் சம்மதிக்க வேண்டும். ஓட்டை இல்லை என்று சார் முடிவு செய்தார். சிவப்புப் பென்சில் அந்த வரியைத் தொடவில்லை.

கையெழுத்து நாளன்று வழக்கம்போல் பத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். கன்னியப்பன் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். அந்த வரிக்கு வந்தபோது என்னைப் பார்த்தார். "இது இன்னாமா?"

"உடம்பு சரியில்லன்னா ஆஸ்பத்திரியில வெச்சுப் பாக்கறதுக்குண்ணே" என்றேன்.

"நல்லா யோசிச்சிக்கீறம்மா. எனக்கு இது தோணல பாரு" என்றார்.

பதிவு முடிந்து வெளியே வந்ததும் எங்கள் எல்லோருக்கும் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

நான்கு வருடம் கழித்து கன்னியப்பன் இறந்தார். அடுத்த மழைக்காலத்தில் ஏழுமலையும் போய்விட்டார். அந்தக் காரியம் முடிந்ததும் தாமோதரன் தானாகவே ஆபீஸுக்கு வந்தான். ஒரு டிரஸ்டி இறந்தால் மற்றவர் தகுதியான ஒருவரை நியமிக்க வேண்டும் என்று பத்திரத்தில் இருக்கிறதே, அதைச் செய்ய வந்திருந்தான். கமுக்கமாகச் செய்ய நினைப்பவன் எங்களிடம் வரமாட்டான்.

"யாரை நியமிக்கப் போறீங்க?" என்றார் சார்.

"என் சம்சாரத்த சார்."

சார் பேனாவை மூடி வைத்தார். "வெளி ஆள் ஒருத்தர் இருந்தா நல்லது. அப்பா அதுக்குத்தான் ஏழுமலையை வெச்சார்."

"கேட்டுப் பாத்துட்டேன் சார். மாமா பையனக் கேட்டேன், தெருவுல ரெண்டு பேரக் கேட்டேன். பொறுப்பெல்லாம் வாணாம்ப்பான்னு கையெடுத்துக் கும்புட்டாங்க. நீங்க யாரயாவது சொல்லுங்க, போட்டுக்கிறேன்."

சாருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன். அப்போது நான் ஆகட்டும் என்றிருக்கலாம். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது, மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம், இன்னொரு வீட்டுப் பொறுப்பு எதற்கு என்று தோன்றியது. நியமனப் பத்திரத்தை நான்தான் டைப் அடித்தேன். இருவர் சம்மதிக்க வேண்டும் என்ற பூட்டு, ஒரே வீட்டில் ஒரே தலையணையில் தூங்கும் இருவர் கைக்குப் போனது. சட்டப்படி ஒரு குறையும் இல்லை.

எட்டு மாதம் இருக்கும். எஸ்டேட் பக்கம் போன சாரின் டிரைவர் வந்து சொன்னார், அந்த வீட்டு கேட்டில் அந்தப் பெண் இல்லை என்று. மறுநாள் மதியம் போய்ப் பார்த்தேன். போர்ஷன்களெல்லாம் காலியாகி, முழு வீட்டையும் ஏதோ கம்பெனி தன் வேலையாட்கள் தங்க எடுத்திருந்தது. வடநாட்டுப் பையன்கள் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். தாமோதரன் குடும்பம் இரண்டு தெரு தள்ளி ஒரு பிளாட்டுக்கு மாறியிருந்தது.

அவன் என்னை உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தான். கேட்பதற்கு முன்னால் அவனே பேசினான்.

"அக்கா, உன் மூஞ்சியப் பாத்தாலே தெரிது. அவள ஒரு ஹோம்ல உட்டுகீறேன். குமணன்சாவடி தாண்டி. நல்ல எடம். போய்ப் பாரு."

"அப்பா கேட்டது அது ஒண்ணுதானே தாமோதரா."

"கேட்டாரு. கேட்டுட்டுப் போய்ட்டாரு. பதினோரு வருஷமா அவளக் குளிப்பாட்டி, தூரம் வந்தா துணி மாத்தி, எல்லாம் செஞ்சது என் பொண்டாட்டி. அவளுக்கு முதுவுல ஆபரேஷன் ஆயிகீது. இனிமே குனிஞ்சு தூக்க முடியாது. ரெண்டு தபா இவ கேட்டத் தொறந்துகினு மெயின் ரோடு வரைக்கும் போய்ட்டா. லாரிக்காரன் பிரேக் போட்டதால பொழச்சா. நான் வேலைக்குப் போவறதா, கேட்டாண்ட நிக்கறதா?"

உள்ளே போய்ப் பத்திரத்தின் ஜெராக்ஸை எடுத்து வந்தான். ஒரு வரி மட்டும் மஞ்சள் மையால் பூசப்பட்டிருந்தது. நான் சொல்லி எழுதிய வரி.

"ஊட்ட விக்கல. அடமானம் வெக்கல. வாடகைப் பணம் அப்டியே ஹோமுக்குப் போவுது, ரசீது எல்லாம் கீது. பத்திரத்துல இன்னா எழுதிகீதோ அதத்தான் செஞ்சேன். எதுனா தப்பு இருந்தா சொல்லுக்கா, நான் திருத்திக்கிறேன்."

அவன் சண்டைக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான். உள்ளறையில் அவன் மனைவி பெல்ட் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

சார் சும்மா இருக்கவில்லை. கலெக்டர் ஆபீஸில் வசந்தி போன்றவர்களுக்காக இருக்கும் குழுவுக்கு மனு எழுதினார், நான் கையெழுத்திட்டேன். வசந்திக்கு கார்டியன் தாமோதரன்தான், அவன் அதையும் முறையாக வாங்கி வைத்திருந்தான். குழுவிலிருந்து ஓர் அம்மா ஹோமுக்கே போய் விசாரித்தார். இரக்கமுள்ளவர். எங்களை அழைத்துத் தன் அறிக்கையைக் காட்டினார். சுத்தமான படுக்கை, மூன்று வேளை சாப்பாடு, மாதம் ஒருமுறை டாக்டர், உடம்பில் காயம் எதுவும் இல்லை.

"வீட்டுக்குப் போகணும்னு அந்தப் பொண்ணு சொல்லுதா?" என்று சார் கேட்டார்.

"சொல்லுது சார். அங்க இருக்கற பன்னிரண்டு பேரும் அதையேதான் சொல்றாங்க. அனுப்பினா யாரு பாத்துப்பாங்க, சொல்லுங்க. எழுதிடறேன்."

எங்களிடம் பெயர் இல்லை.

திரும்பி வரும் வழியில் காரில் சார் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வாவின் பாலத்தைத் தாண்டினோம். பிறகு, "கெட்டவனா படிச்சோம் கஸ்தூரி. அலுத்துப் போனவனா ஒரு தடவைகூடப் படிக்கல" என்றார்.

"அந்த வரி நான் சொன்னது சார்."

"நான் ஒத்துக்கிட்டது. அந்த வரி இல்லாம இருந்தா மட்டும் என்ன ஆகியிருக்கும்? அதே வீட்டுல ஒரு ரூம்ல வெச்சு வெளிய தாழ்ப்பாள் போட்டிருப்பாங்க. அதுவும் பத்திரப்படி சரிதான்."

அதற்குப் பிறகு சார் டிரஸ்ட் பத்திரம் எழுதவில்லை. கேட்டு வந்தவர்களை வேறு வக்கீலிடம் அனுப்பினார். இரண்டு வருடத்தில் அவரும் இறந்தார். நிவேதா வந்த பிறகு நான் கொஞ்ச நாள் இருந்துவிட்டு நின்றுகொண்டேன்.

நிவேதா, நீ கேட்டதற்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். ரத்து செய்ய முடியாததாகப் போடு. மாதத் தொகையை எண் போட்டுக் குறிக்காதே. ஒரே வீட்டு ஆட்கள் இருவரும் டிரஸ்டியாக முடியாது என்று எழுது, நாங்கள் அதை எழுதவில்லை. வருடத்துக்கு ஒருமுறை வெளியாள் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும் என்று எழுது. அந்த வெளியாள் யார் என்ற இடத்தில் பேர் எழுதாமல் கோடு போட்டு அடைத்துவிடாதே. இதையெல்லாம் எழுதிய பிறகும் அந்தப் பையனுக்கு விடியற்காலையில் யார் பல் துலக்கிவிடுவார்கள் என்பது எந்த ஷரத்திலும் வராது. அதைப் பத்திரத்தால் செய்ய முடியும் என்று அவர்கள் நம்பி வந்திருக்கிறார்கள். நானும் முப்பது வருடம் அப்படி நம்பித்தான் டைப் அடித்தேன்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வசந்தியைப் பார்க்கப் போகிறேன். அம்பத்தூரிலிருந்து பஸ், குமணன்சாவடியில் இறங்கி ஷேர் ஆட்டோ. குழுவிலிருந்து வந்த அம்மா அறிக்கையில் எழுதியது எல்லாம் உண்மை. இடம் சுத்தமாக இருக்கிறது. பேனுக்காக எல்லோருக்கும் தலைமுடியை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். மாலை நாலு மணிக்கு டீயும் இரண்டு பிஸ்கட்டும் தருகிறார்கள். கேட்டுக்குப் பெரிய பூட்டு, வெளியே தெரியாதபடி தகரம் அடித்திருக்கிறார்கள். யார் போகிறார் வருகிறார் என்று உள்ளிருந்து பார்க்க முடியாது.

முதல் வருடமெல்லாம் என்னைப் பார்த்ததுமே கட்டிலுக்கு அடியிலிருந்து துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். "டைப்பு அக்கா, போலாம்" என்பாள். நான் கிளம்பும்போது கேட் வரைக்கும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வருவாள். வார்டன் அம்மா வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிடுவார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் அந்த விரல்கள் பிடித்த இடம் கசங்கியிருக்கும்.

போன மாதம் போயிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். சுளை சுளையாகச் சாப்பிட்டாள். வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. நான்தான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன்.

"வசந்தி, பை எங்க?"

அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னா பை?" என்றாள்.

நான் எழுந்தேன். முந்தானையை அவள் கைக்கு எட்டும்படி கொஞ்சம் நீட்டிக்கூட நின்றேன். அவள் பிடிக்கவில்லை.

"மழ வரும். நீ உன் ஊட்டுக்குப் போ" என்றாள்.